தீக்குச்சி ஒட்டிய கசெட்டுகள்

ஆங்கிலப் பத்திரிகையை உரக்க வாசிக்கச் சொன்னால் அவர் உடனே வாயைத் திறக்கமாட்டார். முதல் வசனத்தின் முற்றுப்புள்ளி வரைக்கும் கண்கள் ஓடி முடியவேண்டும். அதன் பிறகுதான் குரல் வரும். அடுத்த வசனத்துக்கு முன்னும் அதே இடைவெளி. கேட்டுக்கொண்டிருப்பவருக்கு, வசனத்துக்கு வசனம் யாரோ அறையைவிட்டு வெளியே போய்த் திரும்பி வருவதுபோல இருக்கும்.

கட்டுகஸ்தோட்டையில் நாங்கள் ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தோம். மேல்மாடியில் அவர், கீழே சாமான் கிடங்கை ஒட்டிய அறையில் நான். ஒரு தமிழ்ப் பத்திரிகைக்குக் கண்டியிலிருந்து செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் ஒரு ஹாஜியார். பாலத்துக்குக் கிட்ட ஹார்ட்வெயார் கடை வைத்திருந்தார். யுத்தச் செய்தியும் சீமெந்து விலையும் கேட்பதற்காக ஞாயிற்றுக்கிழமைகளில் மேலே ஏறி வருவார்.

"வாயத் தொறங்களேன் தாத்தா. சீமெந்து ஏறீக்கா, எறங்கீக்கா?"

தாத்தா என்றால் கண்டி முஸ்லிம்களின் பேச்சில் அக்கா.

"பொறுங்கோ ஹாஜியார். வசனம் முடியட்டும்."

"நீங்க முடிக்கிறதுக்குள்ள வெல ஏறிடும்."

ஏன் இப்படி என்று நான் ஒருமுறை கேட்டேன். அவர் பத்திரிகையின் ஓரத்தில் நான்கு ஆங்கில எழுத்துகளை எழுதிக் காட்டினார். ஈயத்துக்கும் அதே நான்கு எழுத்து, முன்னின்று நடத்துவதற்கும் அதே நான்கு எழுத்து. ஈயம் என்றால் லெட். நடத்துவது என்றால் லீட். காற்று விண்ட், கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது வைண்ட், எழுத்தில் வித்தியாசமே இல்லை. சொல்லைக் கூர்ந்து பார்த்துப் பயனில்லை. அது எந்தச் சொல் என்று சொல்லுகிற சங்கதி வசனத்தின் கடைசியில் உட்கார்ந்திருக்கும்.

"முதல் சொல்லோட வாயைத் திறந்தா பிழைச்சுப் போம் தம்பி," என்றார்.

எப்போதாவது அவருக்கும் பிழைக்கும். அப்போது நிறுத்துவார். "பிழை. திரும்ப வாசிக்கிறன்," என்று அதே உரத்த குரலில் சொல்லிவிட்டு வசனத்தின் தொடக்கத்துக்குப் போவார். வெட்கப்பட்டு இருமுவதில்லை, சொல்லை விழுங்குவதில்லை. எங்கள் பத்திரிகையில் முதற்பக்கத்தில் எட்டுப் பத்திக்குப் போட்ட பிழையை மூன்று நாள் கழித்து உள்பக்கத்தில் விளம்பரத்துக்குக் கீழே திருத்துவோம். பிழையை எந்தக் குரலில் செய்தாரோ அதே குரலில் திருத்திய ஒருவர் என்று நான் கண்டது அவரை மட்டும்தான்.

கண்டி நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் ஒரு சட்டத்தரணியின் கந்தோரில் அவர் சுருக்கெழுத்தாளராக இருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கலாம். பருத்திச் சேலை, ஆண்களுடைய குடை, மணிக்கட்டின் உட்பக்கம் பார்த்த கைக்கடிகாரம். மற்றவர் பேச்சை இடையில் முடித்துக் கொடுக்கும் பழக்கம் அவரிடம் இல்லை. திக்கிப் பேசுகிற கட்சிக்காரர்களைச் சட்டத்தரணி அவரிடமே அனுப்புவாராம். சைக்கிளில் வரும் மீன்காரர், அன்று காலையில்தான் திருகோணமலையிலிருந்து வந்த மீன் என்ற கதையைத் தொடக்கம் முதல் கடைசி வரை சொல்லி முடிப்பார். இவர் கேட்டு முடித்துவிட்டு, "வேண்டாம்," என்பார். டெலிபோனில் அவரோடு பேசுவது பெரும் கஷ்டம். நாம் சொன்னதற்கும் அவர் பதில் சொல்வதற்கும் இடையிலுள்ள மௌனத்தில், லைன் அறுந்துவிட்டதென்று பலர் ரிசீவரை வைத்துவிடுவார்கள்.

இந்தப் பழக்கம் எனக்கு எப்போதும் பிடித்திருந்தது என்று சொல்லமாட்டேன். எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்தைப் பற்றி அவர் சொன்ன அன்று எனக்குக் கோபமே வந்தது.

அப்போது அவர் கண்டி நகருக்கு வெளியே ஒரு சிறு வீட்டில் தனியாக இருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் சிங்களவர், பஸ் கொண்டக்டர். அன்று பின்னேரம் கொண்டக்டர் கேற்றடியில் வந்து நின்றார். தன்னைக் கூட்டிப்போகத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து இவர் போய்க் கேற்றைத் திறந்தார். தெருத் திருப்பத்தில் ஆட்கள் நின்றார்கள். கொண்டக்டர் அவர்களைப் பார்த்துக் கையைக் காட்டினார். இவர் குசினி வழியாக ஓடி, பின்வேலியைத் தாண்டி, யாரோ ஒருவரின் கோழிக்கூட்டுக்குப் பின்னால் இருந்து தன் வீட்டுப் புகையைப் பார்த்தார்.

சில நாட்களில், பள்ளிக்கூடமொன்றில் இருந்த அகதி முகாமுக்கு அதே கொண்டக்டர் வந்தார். தோளில் ஒரு அரிசிச் சாக்கு. அதற்குள் இவருடைய டைப்ரைட்டர். நெருப்பு வைப்பதற்கு முன்னால் எடுத்திருக்கவேண்டும். இறக்கி வைத்துவிட்டு, ஒரு சொல்லும் பேசாமல் போய்விட்டார். அந்த டைப்ரைட்டரோடுதான் இவர் கப்பலில் யாழ்ப்பாணம் போனார். சில மாதங்களில் அதையும் தூக்கிக்கொண்டு கண்டிக்குத் திரும்பினார்.

"வீட்டைக் காட்டிக் குடுத்தவன்தானே?" என்றேன்.

வழக்கம்போல் பொறுத்துத்தான் பதில் வந்தது. "ஓம். டைப்ரைட்டரைக் கொண்டு வந்தவரும் அவர்தான். அண்டைக்கு நான் முதல் சொல்லோட கேற்றைத் திறந்தன். பிழைச்சுப் போச்சு. முகாமில சாக்கைத் திறக்க முதல் அவரை ஏசியிருந்தா அதுவும் பிழைச்சிருக்கும்."

"அப்ப அந்த ஆளை என்னெண்டு வாசிக்கிறீங்கள் அக்கா?"

"இன்னும் புள்ளி வரேல்லைத் தம்பி."

இதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ஆனால் மறக்கவும் முடியவில்லை.

அந்த டைப்ரைட்டருக்கு வேலை வந்தது ஒரு டெலிபோன் ஓப்பரேட்டரால். கண்டியில் ஒரு அரச அலுவலகத்தின் சுவிட்ச்போர்டில் இருந்தவர். தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, சிறுவயதில் காய்ச்சலில் பார்வையை இழந்தவர். டெலிபோன் பயிற்சிக்குப் போன இடத்தில் தொட்டுத் தொட்டு டைப் அடிக்கப் பழகியிருந்தார். ஆங்கிலம் முழுக்கக் காதால் வந்தது. ரேடியோவும் டெலிபோன் லைனும் கொடுத்த ஆங்கிலம். சட்டத்தரணியின் கந்தோரிலிருந்து பேசும்போது அக்காவின் மௌனத்தைக் கேட்டு லைனை வெட்டாமல் காத்திருந்த ஒரே ஓப்பரேட்டர் அவர் என்பதால் பழக்கம் ஏற்பட்டது.

ஓப்பரேட்டர் எழுதுவினைஞர் பரீட்சையை ஆங்கிலத்தில் எழுதவேண்டியிருந்தது. பார்வையில்லாத ஒருவர் விடையை டைப் அடித்துக் கொடுக்கலாம் என்று மேலதிகாரிகள் பெரிய தயக்கத்துக்குப் பிறகு சம்மதித்திருந்தார்கள். ஒரே ஒரு தடவை. அவர் தவறினால், அடுத்து வரும் பார்வையற்றவருக்கு, "ஏற்கெனவே ஒருவருக்குக் கொடுத்துப் பார்த்தோம்" என்ற பதில் தயாராக இருந்தது.

நானும் ஹாஜியாரும் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மேல்மாடியில் ஓப்பரேட்டர் டைப் அடிக்க, அக்கா பழைய வினாத்தாளிலிருந்து சொன்னார். தாளை உருவி எடுத்துப் படித்து முடித்துவிட்டுச் சொன்னார்:

"பிழை எல்லாம் ஒரே மாதிரி. கேட்கிற மாதிரியே அடிச்சிருக்கிறீர்."

"கேக்குற மாதிரி அடிக்காம வேற எப்படிக்கா அடிக்கிறது?" ஓப்பரேட்டர் சிரித்தார். "எனக்கு லெட் வேற, லீட் வேறங்க. ரெண்டும் ஒரே எழுத்துன்னு யார் சொன்னா எனக்கு?"

அக்கா வெகுநேரம் பேசாமல் இருந்தார். ஹாஜியார் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்: லைன் கட்.

"நான் ஒரு பக்கத்தில நிண்டுதான் பார்த்திருக்கிறன்," என்றார் கடைசியில். "எங்களுக்கு ஒரு எழுத்து, ரெண்டு சத்தம். உமக்கு ரெண்டு சத்தம், அது ஒரு எழுத்தெண்டு தெரிய வழியில்லை. கசெட்டில பதிஞ்சு தாறன்."

அப்படித்தான் அந்தக் கசெட்டுகள் உருவாகின. பாடப் புத்தகங்கள், பழைய வினாத்தாள்கள், அவற்றோடு ஒரு கசெட் முழுக்க இந்த இரட்டைச் சொற்கள். முதலில் ஒரு சத்தம், பிறகு மற்றது, பிறகு எழுத்துக் கூட்டி, கடைசியாக இரண்டும் வருகிற ஒரு வசனம். பிழைத்த இடத்தில் அழிக்கமாட்டார். "பிழை. திரும்ப வாசிக்கிறன்," என்று தமிழில் சொல்லிவிட்டுத் தொடர்வார். ஓப்பரேட்டர் தடவிப் பார்த்து இலக்கத்தை அறிவதற்காக, மருந்தைச் சுரண்டிய தீக்குச்சித் துண்டுகளை ஒவ்வொரு கசெட்டிலும் பசை போட்டு ஒட்டினார். முதலாவதில் ஒரு குச்சி, இரண்டாவதில் இரண்டு.

பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது, ஓப்பரேட்டரிடம் கொடுக்க அக்கா கசெட்டுகளோடு கிளம்பிய ஒரு காலையில், ஹாஜியார் கடையிலிருந்து ஓடிவந்து என் கதவைத் தட்டினார்.

"தம்பி, தாத்தாவ பஸ்ஸால எறக்கிட்டாங்க. பாலத்தடியில. கசெட் பேக்கோட. வாங்க, வாங்க!"

அப்போது பாலத்தில் சோதனைச்சாவடி இருந்தது. கண்டிக்குப் போகிற பஸ்களை மறித்து எல்லோரையும் இறக்கிப் பைகளைப் பார்ப்பார்கள். தமிழ்ப் பெண், யாழ்ப்பாண அடையாள அட்டை, பை நிறையக் கசெட், கசெட்டில் தீக்குச்சி. நானே அந்தச் சாவடியில் நின்றிருந்தால் அவரைப் போகவிட்டிருப்பேனா என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன்.

பொலிஸ் நிலையத்தில் என் பத்திரிகை அட்டையைப் பார்த்துவிட்டு ஒரு வாங்கைக் காட்டி, உட்காரலாம், பேசக்கூடாது என்றார்கள். பொறுப்பதிகாரியின் மேசையில் கசெட் ரெக்கோடர் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு சார்ஜன் கேட்பதையெல்லாம் எழுதிக்கொண்டிருந்தார். பாலத்தில் பையைத் திறந்தவர் அவர்தான். அக்கா எதிரே கதிரையில் குடையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

கெட்ட நேரம், ஓடியது அந்த இரட்டைச் சொல் கசெட். பாலைவனத்துக்கும் படையைவிட்டு ஓடுவதற்கும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்து. ஆகவே அவர் சொன்ன வசனத்தில் ஒரு சிப்பாய் இருந்தான், அவன் ஓடிக்கொண்டிருந்தான். காயத்துக்கும் சுற்றிக் கட்டியதற்கும் ஒரே எழுத்து. அங்கேயும் ஒரு சிப்பாய், கட்டுப் போட்டபடி.

"இது என்ன சங்கேதம்?" பொறுப்பதிகாரி சிங்களத்தில் கேட்டார்.

"ஆங்கிலப் பாடம் ஐயா. பரீட்சைக்குப் படிக்கிற ஒருவருக்கு."

"யார் அவர்?"

"பெயர் சொல்லமாட்டேன். கசெட்டை முடியும் வரை கேளுங்கள். பாதியில் நிறுத்தினால் சங்கேதம் மாதிரித்தான் இருக்கும்."

அவருடைய சிங்களம் நல்ல சிங்களம். அதிலும் அதே இடைவெளி. ஏன் பெயரைச் சொல்லவில்லை என்பது எனக்கு விளங்கியது. அரச அலுவலகத்தின் எல்லா அழைப்புகளும் அந்த ஓப்பரேட்டரின் கைவழியாகத்தான் போகும். தமிழர். அவருடைய பெயர் இந்த மேசைக்கு வந்தால், பரீட்சை இருக்கட்டும், இருக்கிற சுவிட்ச்போர்ட் கதிரையும் போய்விடும்.

பொறுப்பதிகாரி கேட்டார். முதல் பக்கம் முடிந்து கசெட்டைத் திருப்பிப் போடவும் சொன்னார். பிறகு பொறுமை இழந்து டெலிபோனை எடுத்தார். கண்டி அலுவலகமொன்றில் ஆங்கிலம் தெரிந்த அதிகாரி ஒருவரைத் தனக்குத் தெரியும், அவருக்குக் கொஞ்சம் போட்டுக் காட்டுவோம் என்றார். எண்ணைச் சுழற்றினார். அதிகாரியின் பெயரைச் சொல்லி இணைப்புக் கேட்டார். காத்திருக்கும் நேரத்தில் ரிசீவரை ரெக்கோடருக்குப் பக்கத்தில் பிடித்து, சத்தம் போதுமா என்று சார்ஜனைக் கேட்டார்.

அவர் அழைத்தது ஓப்பரேட்டரின் அலுவலகத்தை. எனக்கு அது அப்போது தெரியாது. அக்காவின் முகத்திலிருந்து, எண்ணைச் சுழற்றும்போதே அவருக்குத் தெரிந்துவிட்டது என்பதை மட்டும் கண்டேன்.

பொறுப்பதிகாரி ரிசீவரைக் காதில் வைத்தார். முகம் சுருங்கியது. "யார் பேசுவது? ஓப்பரேட்டரா? நீ ஏன் நடுவில்..." பிறகு வாய்ப்பக்கத்தைப் பொத்திக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினார். "அந்தக் குரலைத் தனக்குத் தெரியுமாம். கசெட் தன்னுடையதாம். அவன் சொல்கிறான்..."

"இல்லை!" என்றார் அக்கா. கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "அவரை விடுங்கோ! அவருக்கும் இதுக்கும்..." அவசரத்தில் தமிழில் கத்தினார்.

நான் அறிந்து, ஒருவர் பேச்சின் நடுவே அவர் வாயைத் திறந்தது அன்று ஒருமுறைதான்.

பொறுப்பதிகாரிக்குத் தமிழ் விளங்கியதோ இல்லையோ, கையை உயர்த்தினார். "அம்மா, காலையிலிருந்து என்னைப் பொறு பொறு என்று சொன்னது நீங்கள்தானே. இப்போது அவன் சொல்லி முடிக்கட்டும்."

அவர் உட்கார்ந்தார். நெஞ்சுக்கு நேரே குடையைப் பிடித்துக்கொண்டார்.

நேரே வந்து விளக்குவதாகச் சொன்ன ஓப்பரேட்டர் வெள்ளைப் பிரம்போடு, அலுவலகப் பியூன் ஒருவரின் தோளைப் பிடித்தபடி வந்து சேர்ந்தார். வந்ததும் மேசையைத் தடவிக் கசெட்டுகளை எடுத்துக் குச்சிகளை எண்ணினார். "ஒண்ணு, ரெண்டு, நாலு... மூணாவது எங்கங்க?" என்று தமிழிலேயே கேட்டுவிட்டு, நாக்கைக் கடித்துச் சிங்களத்துக்கு மாறினார். மூன்றாவது ரெக்கோடருக்குள் இருந்தது.

"பயமில்லையா உனக்கு?" என்றார் பொறுப்பதிகாரி.

"இருக்கு சேர். அதை விட மூன்றாவது கசெட் தேவை."

சார்ஜன் எழுதியதை வாசிக்கச் சொல்லுங்கள் என்று ஓப்பரேட்டர் கேட்டார். சார்ஜன் எழுத்துக் கூட்டி வாசித்தார். ஈயத்தை அவர் காதில் கேட்டபடி மூன்று எழுத்தில் முடித்திருந்தார். காயத்தில் எழுத்துகள் எங்கெங்கோ போயிருந்தன.

"நானும் அச்சு அசலா இப்படித்தான் சேர் அடிச்சேன்!" ஓப்பரேட்டருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "இதுக்குத்தான் அந்தக் கசெட்."

பொறுப்பதிகாரி சார்ஜனின் தாளை வாங்கிப் பார்த்தார். கசெட்டிலிருந்து எழுத்துக் கூட்டும் குரலை இன்னொரு தடவை ஓடவிட்டுக் கேட்டார். பிறகு வாயை மூடிக்கொண்டு சிரித்தார். சார்ஜன் மட்டும் சிரிக்கவில்லை. தன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் எல்லோரையும் விட்டார்கள். கசெட்டுகளையும் கொடுத்தார்கள், மூன்றாவதைத் தவிர. அது விசாரணைக்கு இருக்கட்டும் என்றார்கள். ஓப்பரேட்டரின் பெயரும் புத்தகத்தில் ஏறியது.

மிஞ்சிய நாட்களில் அவர் பின்னேரங்களில் மேல்மாடிக்கு வந்தார். கசெட் இல்லாததால் அக்கா நேரே சொல்லிக் கொடுத்தார். கீழே என் அறைக்குக் கேட்கும்: லெட், லீட், டைப்ரைட்டர் சத்தம், அமைதி, மறுபடியும் சத்தம். ஒவ்வொரு நாளும் அலுவலகத்திலிருந்து வரப்போகும் கடிதத்துக்குப் பயந்துகொண்டிருந்தார்கள். கடிதம் வரவில்லை. பொறுப்பதிகாரி அந்தப் பெயரை மேலே அனுப்பவில்லை என்று பிறகு அறிந்தோம். பரீட்சையன்று ஹாஜியார் தன் வானில் டைப்ரைட்டரை ஏற்றி, ஓப்பரேட்டரையும் அவருடைய மனைவியையும் கொண்டுபோய் இறக்கினார். அரிசிச் சாக்கில் முகாமுக்கு வந்த அதே டைப்ரைட்டர்.

பரீட்சையில் அவர் சித்தியடைந்தார். சுவிட்ச்போர்டிலிருந்து எழும்பி அலுவலக மேல்மாடியில் ஒரு மேசைக்குப் போனார். அடுத்த தடவை அந்தப் பரீட்சையை டைப் அடிக்க இன்னும் இருவர் விண்ணப்பித்தார்கள் என்பதை நான் ஒரு சிறு செய்தியாக அனுப்பினேன். பிரசுரமானது.

முடிவு வந்து சில வாரங்களின் பின் ஹாஜியார் ஒரு கசெட்டோடு மேலே ஏறி வந்தார்.

"சார்ஜன் கடைக்கு வந்த, பூட்டு வாங்க. இத தாத்தாட்ட குடுங்கன்னு வெச்சிட்டுப் போன."

மூன்று குச்சிகளும் அப்படியே இருந்தன. போட்டுக் கேட்டோம். அக்காவின் பாடம் முடிந்து, வெறும் இரைச்சல் ஓடியது. ஹாஜியார் நிறுத்தப் போனார். அக்கா கையைக் காட்டித் தடுத்தார். இரைச்சலுக்குப் பிறகு ஒரு இருமல். பிறகு ஒரு ஆண் குரல், மிக மெதுவாக, அந்த இரட்டைச் சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கியது. காற்று. சாவி கொடுப்பது. ஈயம். ஒரு இடத்தில் தடுக்கியது. குரல் நின்றது. பிறகு, சிங்கள நாக்கில் புரண்ட யாழ்ப்பாணத் தமிழில், "பிழை. திரும்ப வாசிக்கிறன்," என்றது.

அது தமிழ் என்று தெரிந்துதான் சொன்னாரா, பாடத்தில் அதுவும் ஒரு பகுதி என்று நினைத்தாரா, எனக்குத் தெரியாது. ஹாஜியார் விழுந்து விழுந்து சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. நாடா தீர்ந்து, பொத்தான் தானாக மேலே எழும்பும் வரை கேட்டார்.

"நல்லாச் சொல்லுறார். காயம் மட்டும் பிழை," என்றார்.

அன்றே அதே கசெட்டில் அந்த ஒரு சொல்லை மறுபடி பதிந்து ஹாஜியாரிடம் கொடுத்தனுப்பினார். காயம் என்றால் வூண்ட். சுற்றிக் கட்டியது என்றால் வவுண்ட்.

அடுத்த மாதம் ஒருநாள் நானும் அவரும் ஒரே பஸ்ஸில் கண்டிக்குப் போனோம். பாலத்தில் எல்லோரையும் இறக்கினார்கள். மழைத் தூறல். வரிசையில் அவர் எனக்கு முன்னால் நின்றார். சாவடியில் அந்தச் சார்ஜன். தெரிந்தவர் என்று சலுகை எதுவும் இல்லை. பையைத் திறந்து, சோற்றுப் பெட்டியைத் திறந்து, குடையை விரித்து, எல்லோருடையதையும் பார்ப்பதுபோல் முழுக்கப் பார்த்தார். மூடிக் கொடுத்தார். கொடுத்த பிறகும் பையின் பிடியை விடவில்லை. அவருடைய உதடுகள் அசைந்தன, சத்தம் வரவில்லை. எனக்குப் பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். அக்கா அசையாமல் காத்துக்கொண்டு நின்றார்.

"வூண்ட்," என்றார் சார்ஜன்.

"சரி," என்றார் அக்கா.